அடுத்த கூடையில் நிச்சயம்

காசு போட்டால் ஆடும் வீடியோ கேம் உலகத்தைப் பைத்தியமாக்கத் தொடங்கியது எங்கே என்று கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு, கலிபோர்னியா, சன்னிவேல் நகரம், ஆண்டி கேப் என்ற பெயரில் ஒரு மதுக்கடை, வருடம் 1972 என்று ஒப்பிப்பார்கள். அட்டாரி கம்பெனி அங்கே ‘பொங்’ என்று ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்தது. ஒரு புள்ளி இந்தப் பக்கம் வரும், தட்ட வேண்டும். அந்தப் பக்கம் போகும், எதிராளி தட்டுவான். அவ்வளவுதான் கேம். கொஞ்ச நாளில் பெட்டி வேலை செய்யவில்லை என்று புகார் வந்தது. அதைச் செய்த எஞ்சினியர் அல் அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு கோளாறும் இல்லை. காசு விழுகிற இடம் நிரம்பி, அடுத்த காசு இறங்க வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது!

அமெரிக்கர்கள் இந்தக் கதையை இன்னும் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறார்கள். பூரிக்கட்டும். இதைவிட எளிமையான, இதைவிடப் பழைய, இதைவிட இறுக்கமாக ஆளைப் பிடித்துக்கொள்கிற ஒரு கேம் நம்முடைய சப்ரகமுவ மாகாணத்தில் ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. கரண்ட் வேண்டாம், ஸ்க்ரீன் வேண்டாம், ஒரு குழி போதும். பெட்டி நிரம்பி வழிகிற பிரச்சினை மட்டும் இன்றுவரை வந்ததில்லை.

ஆடத் தெரியாதவர்களுக்காக விதிமுறை. இரத்தினபுரி, பெல்மதுளை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை என்று எந்த ஊருக்கும் போங்கள். வயலிலோ ஆற்றங்கரையிலோ கிணறு மாதிரி ஒரு குழி வெட்டுங்கள். சுவர் சரியாமல் இருக்க மரம் கட்டி, இடைவெளியில் பெரணித் தழையைத் திணியுங்கள். ஊறும் தண்ணீரை பம்ப் போட்டு இறையுங்கள். இருபது அடி, முப்பது அடி, சில இடத்தில் அதற்கும் கீழே ‘இல்லம்’ என்று சொல்கிற சரளைப் படை வரும். அதை வாரி மேலே ஏற்றிக் குவியுங்கள். நல்ல நேரம் பார்த்து, சமன் தெய்வத்தை நினைத்து, கூடையில் அள்ளித் தண்ணீரில் வைத்துச் சுழற்றுங்கள். சேறு கரைந்து போகும், லேசான கல் ஓரமாக வழிந்து போகும். நீலக்கல்லின் அடர்த்தி 4, சாதாரண வெங்கக்கல்லுக்கு 2.65தான். ஆகையால் கனமானது நடுவில் அடியில் தங்கும். இப்போது கூடையைச் சாய்த்து வெயிலில் பாருங்கள்.

ஒன்றுமில்லை. அடுத்த கூடை!

கவனித்தீர்களா? தோண்டு, தூக்கு, கழுவு, பார். தோண்டு, தூக்கு, கழுவு, பார். 1982இல் ஜப்பானின் நம்கோ கம்பெனி ‘டிக் டக்’ என்று மண்ணைத் தோண்டிக்கொண்டே போகும் ஒரு ஆர்கேட் கேம் வெளியிட்டு உலகமெல்லாம் சில்லறை பொறுக்கியது. இரத்தினபுரிக்காரர்கள் ராயல்டி கேட்டு வழக்குப் போட்டிருக்கலாம். குழிக்குள் இருந்ததால் செய்தி எட்டவில்லை போலிருக்கிறது.

இந்த கேமைப் பற்றி எழுதிவைத்த முதல் வெளியூர்க்காரர்களில் ஒருவர் ஒரு சந்நியாசி. பெயர் பாஹியான். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தமதச் சுவடிகளைத் தேடிச் சீனாவிலிருந்து நடையாய் நடந்து, கடல் தாண்டி இலங்கைக்கு வந்து இரண்டு வருடம் தங்கியவர். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்ற பாடத்தின் நல்ல பிரதியைத் தேடி வந்த மனிதர், மணி கிடைக்கும் இடத்தின் பரப்பு எவ்வளவு, காவல் எப்படி, கிடைப்பதில் ராஜாவின் பங்கு என்ன என்பதையும் மறக்காமல் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். சும்மா, தகவலுக்காகத்தான்.

ராஜாவின் பங்கு எவ்வளவு தெரியுமா? பத்துக்கு மூன்று. முப்பது சதவீதம்! ஆப்பிள் கம்பெனி 2008இல் ஆப் ஸ்டோரைத் திறந்து, உள்ளே விற்கிற ஒவ்வொரு கேமிலும் முப்பது சதவீதம் எனக்கு என்று சொன்னபோது உலகமே வாயில் விரல் வைத்தது. அனுராதபுரத்து ராஜா ஸ்டீவ் ஜொப்ஸுக்கு ஏறக்குறைய 1,600 வருடம் மூத்தவர். கழுத்தை மூடிய கறுப்புச் சட்டை மட்டும்தான் போடவில்லை.

பிறகு மார்க்கோ போலோ வந்தார். வந்தார் என்றால் பெரிய கதையும் வந்தது என்று அர்த்தம். இலங்கை ராஜாவிடம் ஒரு சாண் நீளத்தில், ஆளின் கை பருமனுக்கு ஒரு மாணிக்கம் இருந்ததாம். அதைக் கேட்டுச் சீனத்துச் சக்கரவர்த்தி குப்ளாய் கான் தூது அனுப்பினாராம்; ஒரு நகரத்தின் விலையைத் தருகிறேன் என்றாராம். ராஜா அசையவில்லை. முன்னோர் சொத்து, தர முடியாது என்று சொல்லிவிட்டார். கேம் கம்பெனிகள் தண்ணீராய்ப் பணம் செலவழிக்கும் வாடிக்கையாளரைத் ‘திமிங்கிலம்’ என்பார்கள். சரித்திரத்தின் மிகப் பெரிய திமிங்கிலம் காசை நீட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, ‘இது விற்பனைக்கு இல்லை’ என்று சொன்ன ஒரே கடை நம்முடையதுதான். அதற்குப் பிறகு அந்தக் கல் எங்கே போனது என்றா கேட்கிறீர்கள்? முதலில் அந்த அளவில் இருந்ததா என்று கேளுங்கள்.

இபன் பதூதா சாட்சிக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். 1344இல் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த இந்த மொரோக்கோ பயணி, உள்ளங்கை அகலத்தில் மாணிக்கத்தால் செய்த ஒரு கிண்ணத்தைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறார். அதில் அகில் எண்ணெய் இருந்ததாம். சக்கரவர்த்தி அலட்சியமாக, இதைவிடப் பெரியதெல்லாம் எங்களிடம் உண்டு என்றாராம். விருந்தாளி வாயைப் பிளந்தவுடன் ‘இதெல்லாம் ஒன்றுமேயில்லை’ என்று சொல்லும் அந்தச் சுகம் இருக்கிறதே, ஃபோனில் ஹை ஸ்கோரைக் காட்டும் பத்து வயதுப் பையனுக்கும் அதே சுகம்தான். கிண்ணத்துக்குள் இருந்தது எண்ணெய் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இவ்வளவு பெரிய கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை.

பதூதா அதோடு நிற்கவில்லை. தெற்கே போய் அங்கிருந்த ராஜாவின் வெள்ளை யானையைப் பார்த்தார். அதன் நெற்றியில் ஏழு மாணிக்கம், ஒவ்வொன்றும் கோழிமுட்டையைவிடப் பெரியது என்று எழுதினார். கூடவே விதிமுறையையும் எழுதினார்: நூறு பணத்துக்கு மேல் பெறுமதியான கல் ராஜாவுக்கு, விலை கொடுத்து எடுத்துக்கொள்வார், அதற்குக் கீழே என்றால் தோண்டியவனுக்கு. ஆக, சின்னப் பரிசெல்லாம் ஆடுகிறவனுக்கு, ஜாக்பாட் வந்தால் கடைக்காரன் சொல்கிற விலைக்கு! லாஸ் வேகாஸ்காரர்களுக்குக்கூட இவ்வளவு துணிச்சல் வந்ததில்லை.

இந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்தவர் சிந்துபாத். கதாபாத்திரம்தான், ஆனாலும் மேலே சொன்னவர்களைவிட நம்பகமானவர். பாக்தாத்தில் சொகுசு வீடு, வேலைக்காரர், சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் ஒரு நாள் கை அரிக்கும், கப்பல் ஏறுவார், கப்பல் உடையும், செத்துப் பிழைப்பார், மூட்டை நிறையக் கல்லோடு வீடு திரும்புவார், இனிமேல் ஜென்மத்துக்கும் கடல் பக்கம் போக மாட்டேன் என்று சத்தியம் செய்வார். மறு அத்தியாயத்தில் துறைமுகத்தில் நிற்பார். இப்படி ஏழு முறை. ஆறாவது லெவல் செரெண்டிப், நம்ம தீவு. ஆற்றங்கரையெல்லாம் மாணிக்கம் கொட்டிக் கிடக்கும் லெவல். ராத்திரி ஒரு மணிக்கு கேமை அழித்துவிட்டு, காலையில் ரீலோட் போட்டு மறுபடி டவுன்லோட் செய்கிற தம்பியைத் திட்டும்போது கொஞ்சம் மரியாதையாகத் திட்டுங்கள். அவன் சிந்துபாத் பரம்பரை.

ஒரே ஒருவர்தான் இந்த கேமை நிறுத்தப் பார்த்தார். கண்டி ராஜா, இரண்டாம் இராஜசிங்கன். 1660இல் அவர் ஆட்களிடம் சிக்கி ஏறக்குறைய இருபது வருடம் இங்கேயே சிறையிருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், தப்பி ஓடிப்போய் 1681இல் புத்தகம் போட்டபோது இதைச் சொல்கிறான். ராஜாவிடம் வேண்டிய அளவு கல் இருந்தது. மேற்கொண்டு யாரும் தேடுவது அவருக்குப் பிடிக்கவில்லை. அதனால் கல் கிடைக்கும் என்று தெரிந்த இடங்களில் கூரான கம்புகளை நட்டுவைத்தார். இந்தப் பக்கம் வந்தால் இதில்தான் உட்கார வேண்டும் என்று அர்த்தம். கழுவேற்றம்! இன்றைக்குப் பெற்றோர் போனில் பூட்டுப் போட்டு வைக்கிறார்களே, அதன் முதல் வெர்ஷன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கழுமரம் நடுகிற அளவுக்குக் காரியம் போயிருக்கிறது என்றால், அதற்கு முன் வாயால் சொல்லிப் பார்த்து, பறையடித்துச் சொல்லிப் பார்த்து, அபராதம் போட்டுப் பார்த்து மனுஷன் எவ்வளவு நொந்திருப்பார்! இன்னொன்றும் இருக்கிறது. எங்கே தோண்டினால் கல் கிடைக்கும் என்று தெரியாதவனுக்கு அந்தக் கம்பைவிட நல்ல வழிகாட்டிப் பலகை ஏது?

சரி, இவ்வளவு பேரை ஒரே குழி பிடித்து வைத்திருக்கும் மர்மம் என்ன? அதைக் கண்டுபிடித்தவர் ஒரு சோம்பேறி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவரே எழுதிய கதை இது. அமெரிக்க மனோதத்துவக்காரர் பி.எஃப். ஸ்கின்னர் எலிகளை ஒரு பெட்டிக்குள் விட்டிருந்தார். எலி ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு உருண்டை தீனி விழும். அந்த உருண்டைகளை அவரே உட்கார்ந்து செய்ய வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கணக்குப் பார்த்தால், திங்கள் காலைக்குள் இருப்பு தீர்ந்துவிடும்; மிச்சப் பொழுது முழுக்க உருண்டை பிடிக்க வேண்டும். ‘ஏன், ஒவ்வொரு அழுத்தலுக்கும் தீனி கொடுத்தே ஆக வேண்டுமா?’ என்று யோசித்தார். நிமிடத்துக்கு ஒரு உருண்டை என்று குறைத்துவிட்டுத் தன் சனிக்கிழமையைக் காப்பாற்றிக்கொண்டார். எலி கோபித்துக்கொண்டு வேலைநிறுத்தம் செய்யவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தது!

அப்புறம் எலிக்குப் பதில் புறா வந்தது. சகா சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான மணி நேரம் புறாக்களைக் கொத்தவிட்டு, 1957இல் தலையணை அளவில் ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு தடவையும் பரிசு வந்தால் புறா அலட்சியமாக இருக்கும். வரவே வராது என்றால் விட்டுவிடும். எத்தனையாவது கொத்தில் வரும் என்று தெரியாவிட்டால்தான் அலகு தேயத் தேயக் கொத்தும். சூதாட்ட மெஷின் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது என்று ஸ்கின்னரே ஒப்பிட்டார். புறாவை வைத்து இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டாம். நேராக பெல்மதுளைக்கு வந்து ஒரு குழி ஓரமாக நாற்காலி போட்டிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும், சாப்பாடும் போட்டிருப்பார்கள்.

அதிலும் இந்தக் குழி கைதேர்ந்த கேம் டிசைனர் மாதிரி வேலை செய்யும். கூடை முழுக்க வெறுமையாக வந்தால் இரண்டு நாளில் ஆள் சலித்துப்போவான். ஆகவே நடுநடுவே ஒரு துண்டு கார்னட், பட்டாணி அளவு ஸ்பினல், ஓரம் உடைந்த ஒரு புஷ்பராகம் என்று கண்ணில் காட்டும். டீக்காசுக்குக் காணும், அவ்வளவுதான். ஆனால் அதைப் பார்த்தவன் மனதில் ஓடுவது என்ன? ‘கிட்ட வந்துவிட்டோம்.’ மயிரிழையில் தோற்றவன்தான் அடுத்த காசை வேகமாகப் போடுவான் என்று சூதாட்ட மெஷின் செய்கிறவர்களுக்குத் தெரியும். பூமாதேவிக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதான் தெரியவில்லை.

ஆர்கேட்காரர்கள் இதில் பாதியைத் திட்டம் போட்டும், பாதியை விபத்தாகவும் கண்டுபிடித்தார்கள். 1978இல் டொமொஹிரோ நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தபோது, திரையில் நிறைய எதிரிகள் இருந்தால் அந்தக் காலத்துச் சிப் திணறியது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்து மிச்சம் இருப்பவர்கள் வேகமாக ஓடினார்கள். ‘அட, இது நன்றாக இருக்கிறதே’ என்று அப்படியே விட்டுவிட்டார். கொம்ப்யூட்டரின் மூச்சிரைப்புதான் கோடிப் பேரின் நெஞ்சுத் துடிப்பை ஏற்றியது. 1980இல் வந்த ‘பக்மேன்’ முடிவே இல்லாமல் ஓட வேண்டிய கேம். 256ஆவது லெவலில் கணக்கு வைக்கும் எண் நிரம்பி, திரையின் வலதுபாதி குப்பையாகிவிட்டது. ஒரு மனிதன் 255 லெவல் ஒரே பொம்மையை ஒரே பாதையில் ஓட்டுவான் என்று அதைச் செய்தவர்கள் எதிர்பார்க்கவில்லை. மனிதனைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயமா!

அப்புறம் போன் வந்தது; நோக்கியா பாம்பு வந்தது; 2001இல் ‘பிஜுவெல்ட்’ வந்து ஒரே நிறத்துக் கற்களை மூன்று மூன்றாகச் சேர்த்தால் படீரென்று வெடிக்கும் என்றது; அதே சூத்திரத்தில் மிட்டாயை வைத்து இன்னொருவர் கோடீஸ்வரர் ஆனார். குரங்கு துரத்த ஓடுவது, பொலிஸ் துரத்த ஓடுவது என்று ஓட்ட கேம்கள் வந்தன. எதிலும் ஜெயிக்க முடியாது. எப்போது தோற்பது என்பதை மட்டும் தள்ளிப்போடலாம். கேம் வகை மாறும், படம் மாறும், பாட்டு மாறும். கூடையைச் சுழற்றும் கை மட்டும் அதே கை.

இராஜசிங்கனுக்கு இந்தக் காலத்தில் ஒரு வாரிசும் வந்தார். வியட்நாம்காரர் டொங் நுயென். அவருடைய ‘ஃப்ளாப்பி பேர்ட்’டில் ஒரு குருவி குழாய்களுக்கு நடுவே பறக்க வேண்டும், இடித்தால் முதலிலிருந்து. நாளொன்றுக்கு 50,000 டொலர் விளம்பரக் காசு வந்ததாகச் செய்தி வந்த நேரத்தில், ஜனங்கள் இதற்கு அடிமையாகிவிட்டார்கள், என் நிம்மதி போய்விட்டது என்று சொல்லி 2014 பெப்ரவரியில் கேமையே தூக்கிவிட்டார். உலகம் திருந்தியதா? அந்த கேம் ஏற்கனவே ஏற்றியிருக்கும் பழைய போன்களை ஆயிரக்கணக்கான டொலர் விலை போட்டு இணையத்தில் விற்பனைக்கு வைத்தது. கழுமரத்தைப் பார்த்துக் குழியைக் கண்டுபிடிக்கிற வம்சம் ஐயா இது.

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். இதே மாகாணத்தில், இதே மண்ணுக்கு மேலே வெள்ளைக்காரத் துரைமார் இன்னொரு கேம் நடத்தினார்கள். அதற்கும் ஒரு விளம்பரம் இருந்தது. தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் கட்டிய கங்காணிமார், ‘கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும்’ என்று சொன்னதாக மலையகத்தில் இன்றும் பாட்டிமார் சொல்வார்கள். தோண்டு, பரிசு எடு! டவுன்லோட் செய்யும்வரை காட்டுகிற விளம்பரத்துக்கும் உள்ளே இருக்கும் கேமுக்கும் சம்பந்தமே இருக்காது என்பதை நம்ம முப்பாட்டன்மார் கப்பலேறித் தெரிந்துகொண்டார்கள்.

வேடிக்கையைக் கேளுங்கள். நுவரெலியாவுக்கும் ஹட்டனுக்கும் போனவர்களுக்கு அது பச்சைப் பொய். இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வந்தவர்களுக்கு? சில இடங்களில் தூருக்குக் கீழே நிஜமாகவே இருந்தது! தேங்காய்க்கும் மாசிக்கும் பதிலாக நீலமும் புஷ்பராகமும். கங்காணி தன்னை அறியாமல் உண்மை பேசிய ஒரே மாவட்டம் இதுதான். தோண்டினால் மட்டும் பொலிஸ் வரும்.

தோட்டத்து கேமின் அமைப்பைப் பாருங்கள். விடியுமுன் தப்புச் சத்தம். பிரட்டுக்களத்தில் ஆஜர். மலையேறு, கொழுந்து பறி, மடுவத்துக்குத் தூக்கு, தராசில் வை. குறித்த கிலோ வந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; வராவிட்டால் அரைப்பேர். மறுநாள் அதே தப்பு, அதே பிரட்டு, அதே மலை, அதே நிரை. ஆர்கேட் கேமில் இருக்கும் எல்லாமே இருக்கிறது: சுற்று, இலக்கு, ஸ்கோர், மேற்பார்வைக்கு ஒரு பாஸ், அவருக்கு மேல் ஒரு பெரிய பாஸ். ஆளைக் கூட்டிவந்த தலைக்கங்காணிக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் தினமும் தலைக்காசு. நண்பரைச் சேர்த்துவிட்டால் பொயிண்ட்ஸ் கிடைக்கிறதே, அதுதான். வெளியேறும் பட்டன் மட்டும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் இவ்வளவு கடன் பாக்கி என்று எழுதிய ‘துண்டு’ வேண்டும்; புதிய துரை அதைக் கட்டி ஆளை எடுப்பார்; கடன் கூடவே வரும். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். எந்த கேம் கம்பெனியும் இன்னும் அந்த லெவலுக்குப் போகவில்லை. முயற்சி நடக்கிறது.

எல்லாம் இருந்தும் ஒன்றைக் கேட்கிறேன். கொழுந்து பறிக்காமல் கை நடுங்குகிறது என்று யாராவது எங்காவது சொல்லிக் கேட்டதுண்டா? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ‘இன்னும் ஒரே ஒரு நிரை பறித்துவிட்டு வந்துவிடுகிறேன்’ என்று எந்த அக்காவாவது லயத்திலிருந்து கிளம்பியதுண்டா? அதே மலை, அதே மழை, அதே முதுகுவலி. குழியில் நிற்கிறவனைவிட நிச்சயமான வருமானம் வேறு. பிடிப்பு மட்டும் இல்லை. ஏனென்றால் தராசு என்ன சொல்லும் என்று ஏறும்போதே தெரியும். திரும்பத் திரும்பச் செய்வதில் போதை இருக்கிறது என்று நினைக்கிறவர்களை ஒரு வாரம் நம்ம மலைக்கு அனுப்ப வேண்டும். போதை முழுக்க அந்தச் ‘சிலவேளை’யில் இருக்கிறது.

இறப்பர் தோட்டத்துக் கதை இதற்கும் கீழே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட என்று கேகாலை மாவட்டத்துக்குப் போனால் அதிகாலையில் பால் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். அங்கே நிச்சயமின்மை உண்டு, ஆனால் ஒரு பக்கம் மட்டும். மழை பெய்தால் பால் இல்லை, பேர் இல்லை. வெயிலடித்தால் வழக்கமான பால், வழக்கமான பேர். ஜாக்பாட்டை எடுத்துவிட்டு நட்டத்தை மட்டும் குலுக்கலில் விட்ட கேம் இது. ஸ்கின்னர் இதைத் தன் புறாக்களுக்குக்கூடச் செய்யவில்லை.

நிர்வாகத்துக்கும் எங்கேயோ இது உறைத்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபாய் என்று வந்தபோது அதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. நாள் தவறாமல் உள்ளே வந்தால் போனஸ், ஸ்கோர் ஏறினால் போனஸ்! போனில் ஒவ்வொரு காலையும் ‘வருக, இன்றைய பரிசு உங்களுக்காக’ என்று ஒரு பெட்டி குதிக்குமே, அந்த வித்தை மலைக்கு வந்துவிட்டது. பெட்டியைத் திறந்தால் அறுபது ரூபாய். ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் என்ற லெவலைத் தாண்ட 2021 வரை ஆட வேண்டியிருந்தது.

இந்தக் கணக்கில், லயத்துப் பையன் ஒருவன் பேரைப் போட்டுவிட்டு நழுவி ராத்திரியில் யாரோ ஒருவருடைய குழிக்குப் போகிறான் என்றால் அவனைப் பைத்தியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பல குழிகளில் கூலி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. சாப்பாடு, கிடைத்தால் பங்கு. நிலக்காரருக்கு ஒரு பங்கு, அனுமதிப்பத்திரக்காரருக்கு ஒன்று, பம்ப்காரருக்கு ஒன்று, மிச்சத்தை இறங்கினவர்கள் பிரித்துக்கொள்ள வேண்டும். அனுமதி இல்லாத குழி என்றால் பயமும் ஒரு பங்காளி. பாஹியான் காலத்து ராஜாவின் நாற்காலியில் இப்போது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தேசிய மாணிக்கக்கல் மற்றும் தங்க ஆபரண அதிகாரசபை உட்கார்ந்திருக்கிறது. சொந்தக் காணியில் தோண்டுவதற்கும் லைசன்ஸ் வேண்டும். கழுமரம் இல்லை, ரசீது உண்டு.

குழியின் குறும்புக்கு எல்லையே கிடையாது. ‘கெவுட’ என்று ஒரு கல். பால் கலந்தாற்போல மங்கலாக இருக்கும். நீலக்கல் குடும்பம்தான், ஆனால் யாரும் சீந்துவதில்லை. கழுவிக் கழுவி ஒதுக்கியது. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் வந்து, ‘இந்தக் குப்பையை நாங்கள் எடுத்துக்கொள்கிறோமே’ என்று பணிவாகக் கேட்டு அள்ளிக்கொண்டு போனார்கள். பாங்கொக்கில் உலையில் வைத்து 1,600 பாகைக்கு மேல் சூடேற்றினார்கள். பால் மறைந்தது, நீலம் எழுந்தது, விலை வானத்துக்குப் போனது. தலைமுறை தலைமுறையாக ‘கேம் ஓவர்’ என்று படித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு ரகசிய லெவல் இருந்திருக்கிறது! கண்டுபிடித்தது வெளிநாட்டுப் பிளேயர்.

பெரிய கல் கிடைத்தால் மட்டும் என்ன ஆகிறது? 1926இல் பெல்மதுளைப் பக்கத்து வயல் ஒன்றில் கிடைத்த நீலக்கல்லுக்கு ‘ஆசியாவின் நீல அழகி’ என்று பெயர். 392.52 கரட். கார் கம்பெனி முதலாளி நஃபீல்ட் பிரபு 1937இல் அதை வாங்கினார், இங்கிலாந்தின் புதிய ராணிக்கு முடிசூட்டுப் பரிசாகக் கொடுக்கப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. கொடுக்கவில்லை. மனம் வரவில்லை போலிருக்கிறது; கோடீஸ்வரருக்கும் கல்லைக் கையில் வைத்துப் பார்த்தால் விரல் மூடிக்கொள்ளும். 2014இல் ஜெனீவா ஏலத்தில் அது 17.3 மில்லியன் டொலருக்குப் போனது. பிரபு, ராணி, ஏலக்கடை என்று எல்லோரைப் பற்றியும் பேசினார்கள். அந்த வயலில் கூடையைச் சாய்த்துப் பார்த்த ஆள் யார் என்று கேட்க அன்றைக்கு யாருக்கும் நேரம் இருந்ததாகத் தெரியவில்லை.

2021இல் கேம் உச்சத்துக்குப் போனது. இரத்தினபுரியில் ஒரு கல் வியாபாரியின் வீட்டுக் கொல்லையில் கிணறு வெட்டும்போது 510 கிலோ எடையில் ஒரு கல் கூட்டம் தட்டுப்பட்டதாகச் செய்தி வந்தது. இருபத்தைந்து லட்சம் கரட், 100 மில்லியன் டொலர் வரை போகலாம் என்றார்கள். தண்ணீருக்காகத் தோண்டியவருக்கு! முப்பது வருடம் குழிக்குள் வாழ்ந்தவர்கள் அன்றைக்கு எப்படித் தூங்கினார்கள் என்று தெரியாது. எடை அதிகம்தான், உள்ளே இருக்கும் எல்லாமே நல்ல தரமாக இருக்காது என்று கல் பார்க்கத் தெரிந்தவர்கள் உடனே சொன்னார்கள். யார் காதில் விழுந்தது? டிசம்பரில், அதே இரத்தினபுரிப் பக்கத்தில் கிடைத்தது என்று 310 கிலோவில் இன்னொன்றைக் காட்டினார்கள். அந்த வருடம் மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் திடீரென்று கொல்லையில் கிணறு தேவைப்பட்டது என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியிருக்கலாம்.

இப்போது ஒரு லயத்து வாசலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா குழியிலிருந்து வந்து காலில் சேறு காயக் குந்தியிருக்கிறார். மகன் போனில் கலர் கலராகக் கல்லை வெடிக்க வைத்துக்கொண்டிருக்கிறான். சிவப்பு மூன்று, நீலம் நான்கு, படீர் படீர்.

“ஏன்டா, இவ்வளவு கல்லு கெடைக்குதே, வித்தா எவ்வளவு வரும்?”

“ஒண்ணும் வராதுப்பா. வெளையாட நாமதான் காசு கட்டணும். நேத்துகூட ரீலோட் போட்டேன்.”

“ஓஹோ,” என்றார் அப்பா. “யாருடா நெலக்காரன்?”